இரண்டரை டாலருக்கு வெள்ளி நாணயம்! ஷிப்பிங் இலவசம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்கள். இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. மின்னஞ்சல் பார்க்கவும், செய்தி படிக்கவும் பழகிவிட்டீர்கள். அடுத்து பெரும்பாலானவர்கள் செய்வது ஆன்லைனில் பொருள் வாங்குவது. உள்ளூரில் கிடைக்காத பழைய நாணயம், தபால்தலை, பொம்மைக் கார் என எதைத் தேடினாலும் வெளிநாட்டு விற்பனையாளர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். விலையைப் பார்த்தால் நம்ப முடியாது. அதன் கீழே 'ஷிப்பிங் இலவசம்' என்று வேறு போட்டிருக்கும்.

இவ்வளவு மலிவாகக் கொடுத்து, கடல் தாண்டி இலவசமாக அனுப்பியும் வைத்தால், விற்பவருக்கு என்ன மிஞ்சும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். நான் விடை தெரியாமல் வாங்கினேன், ஏமாந்தேன். இத்தனைக்கும் ஆன்லைன் கடைகளுக்கு புரோகிராம் எழுதுவதுதான் என் தொழில்!

மாமா கேட்ட நாணயம்

2023-ல் கம்பெனி வேலையாக எட்டு மாதம் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருந்தேன். திருநெல்வேலியில் இருக்கும் என் தாய்மாமா நாணயம் சேகரிப்பவர். அவர் போனில், "மாப்ளே, வரும்போது ஒரு மார்கன் டாலர் வாங்கிட்டு வா. சுமாரான நாணயமா இருந்தாலும் போதும்" என்றார்.

மார்கன் டாலர் என்பது அமெரிக்க அரசு 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921-லும் அச்சடித்த ஒரு டாலர் வெள்ளி நாணயம். ஜார்ஜ் மார்கன் என்பவர் வடிவமைத்ததால் அந்தப் பெயர். மாமா அதைக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் உலகப் போர் சமயத்தில் இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குத் தட்டுப்பாடு வந்தது. 1918-ல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து, 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்களை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு, ரூபாய் அடிப்பதற்காக வந்தது. "உருக்காம தப்பிச்ச ஒண்ணு என் கையில இருக்கணும்லே" என்பார் மாமா.

நான் ஒரு பெரிய ஆன்லைன் தளத்தைத் திறந்து 'மார்கன் டாலர்' என்று தேடினேன். நூற்றுக்கணக்கில் வந்தன. 'குறைந்த விலை முதலில்' என்ற வசதியை கிளிக் செய்தேன். முதல் வரிசையிலேயே ஒரு நாணயம். 1893-ம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோ அச்சாலை. விலை 2 டாலர் 40 சென்ட், அதாவது அப்போதைய மதிப்பில் சுமார் 200 ரூபாய். ஷிப்பிங் இலவசம். விற்பவர் சீனாவில் இருப்பவர். படம் மிகத் தெளிவாக இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். உடனே வாங்கிவிட்டேன்.

தராசு சொன்ன உண்மை

நான்கு வாரத்தில், ஏப்ரல் மாதக் கடைசியில், ஒரு சின்னக் கவரில் நாணயம் வந்தது. பளபளவென்று இருந்தது. போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"என்ன விலை கொடுத்தே?"

"ரெண்டு டாலர் நாப்பது சென்ட் மாமா."

"வெள்ளி கிராம் என்ன விலைன்னு பேப்பர்ல பார்க்கலையாலே? முதல்ல அதை எடை போடு."

வீட்டில் உடன் தங்கியிருந்த நண்பர் டயட்டுக்காக வாங்கிய சமையலறைத் தராசு இருந்தது. அதில் வைத்தேன். 20 கிராம் காட்டியது. உண்மையான மார்கன் டாலரின் எடை 26.73 கிராம். அதில் 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு. நூறு வருடப் புழக்கத்தில் தேய்ந்தாலும் ஆறு கிராம் குறையாது. அடுத்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அருகில் கொண்டுபோனேன். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. உள்ளே இரும்பு, மேலே வெள்ளி நிறப் பூச்சு!

மாமா சொன்ன வெள்ளிக் கணக்கு எளிமையானது. 26.73 கிராமில் 90 சதவீதம் என்றால் சுமார் 24 கிராம் சுத்த வெள்ளி. 2023 ஏப்ரலில் நம் ஊரில் வெள்ளி கிராம் 75 ரூபாய்க்கு மேல் விற்றது. ஆக, நாணயத்தை உருக்கினாலே 1,800 ரூபாய் தேறும். அதை 200 ரூபாய்க்கு யாராவது விற்பார்களா? வாங்கும் முன்பே ஒரு நிமிடம் கால்குலேட்டரைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் மாமா சொன்னார். 1893-ல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தவை மொத்தமே ஒரு லட்சம்தான். மார்கன் டாலர்களில் மிக அரியவற்றில் ஒன்று அது. தேய்ந்துபோன ஒன்றே ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகும். போலி செய்பவர்கள் இந்த மாதிரி அரிய ஆண்டுகளைத்தான் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

விற்பவர் அனுப்பிய பதில்

தளத்தில் புகார் செய்தேன். மறுநாளே விற்பவரிடமிருந்து பதில். "அன்பு நண்பரே, வருந்துகிறோம். நாணயத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் பணம் திருப்பித் தருகிறோம்" என்றார். நான் மறுத்தேன். 30 என்றார். அதையும் மறுத்தேன். "50 சதவீதம் தருகிறோம். முழுப் பணமும் வேண்டுமென்றால் நாணயத்தைத் திருப்பி அனுப்புங்கள், தபால் செலவு உங்களுடையது" என்றார். சீனாவுக்கு ஒரு பொட்டலம் அனுப்ப நாணயத்தின் விலையைப் போல் பல மடங்கு ஆகும்.

எனக்கு ஆபீஸ் வேலை தலைக்கு மேல் இருந்தது. ஒன்றே கால் டாலருக்கு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? 'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற பட்டனை அழுத்தினேன். 1 டாலர் 20 சென்ட் திரும்ப வந்தது. புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டது.

மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "உனக்குப் பாதிப் பணம் வந்துட்டு. சரி. அவன் அடுத்த ஆளுக்கும் இதையே அனுப்புவானே, அதுக்கு என்ன செய்தே?"

இந்தக் கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. நான் அழுத்திய அந்த பட்டனும் விற்பவரின் லாபக் கணக்கில் ஒரு பகுதி என்பது பிறகுதான் புரிந்தது.

லாபக் கணக்கு இப்படித்தான்

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

நாணயத்தின் விலை 240 சென்ட். இரும்பு வட்டில் அச்சுக் குத்திப் பூச்சுப் பூச 40 சென்ட். அனுப்பும் செலவு 100 சென்ட். தளத்துக்கும் பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கும் கமிஷன் 40 சென்ட். மிச்சம் 60 சென்ட். நூறு நாணயம் விற்றால் 60 டாலர்.

நூறு பேரில் எத்தனை பேர் புகார் செய்வார்கள்? பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஏழு பேர் என்னைப் போல் பாதிப் பணத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். செலவு 8 டாலர் 40 சென்ட். மூன்று பேர் விடாப்பிடியாக நின்று முழுப் பணமும் வாங்கிவிடுகிறார்கள். செலவு 7 டாலர் 20 சென்ட். மொத்தம் 15 டாலர் 60 சென்ட் போனாலும், விற்பவர் கையில் 44 டாலர் 40 சென்ட் நிற்கிறது. நாணயத்துக்கு நாணயம் லாபம் சிறியதுதான். ஆனால் அச்சு ஒன்று இருந்தால் ஆயிரக்கணக்கில் அடிக்கலாம். பட்டியல் ஒன்று போட்டால் உலகம் முழுவதும் தெரியும்.

இதே நாணயத்தை 30 டாலருக்கு விற்றால் என்ன ஆகும்? 30 டாலர் கொடுத்தவர் சும்மா இருக்க மாட்டார். எடை போடுவார், தெரிந்தவரிடம் காட்டுவார், புகார் செய்வார், கார்டு கம்பெனியைக் கூப்பிடுவார். தளத்தின் கவனமும் திரும்பும். ஆகவே, மலிவு விலை நம்மைக் கவர்வதற்கு மட்டும் வைத்ததில்லை. 'போனால் போகட்டும்' என்று நாம் விட்டுவிடும் அளவுக்குப் பார்த்து வைத்த விலை அது. இதுதான் இந்த வியாபாரத்தின் உயிர்நாடி.

ஐந்து நட்சத்திரங்களும் இதனால்தான். பெரும்பாலானவர்கள் கவரைப் பிரித்த அன்றே 'வேகமாக வந்தது, அழகாக இருக்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். தராசில் வைத்துப் பார்ப்பவர்கள் சிலர்தான். நட்சத்திரம் பொருள் வந்து சேர்ந்ததைச் சொல்கிறது; பொருள் உண்மையா என்பதைச் சொல்வதில்லை.

'ஷிப்பிங் இலவசம்' ஏன்?

இதில் என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் 'குறைந்த விலை முதலில்' என்று கேட்டால், பல தளங்களில் புரோகிராம் பொருளின் விலையையும் ஷிப்பிங் செலவையும் கூட்டி வரிசைப்படுத்தும். 'இலவச ஷிப்பிங் மட்டும் காட்டு' என்று ஒரு வசதியும் இருக்கும். செலவை விலைக்குள்ளேயே அடக்கிவிட்டு 'இலவசம்' என்று போடுபவர் இரண்டிலும் முன்னே வருவார். புரோகிராமுக்கு எண்கள்தான் தெரியும், இரும்பும் வெள்ளியும் தெரியாது. நேர்மையான நாணய வியாபாரி உருக்கு விலைக்குக் கீழே போக முடியாது. அதனால் குறைந்த விலை வரிசையில் போலிகளே முதலில் நிற்கும்.

முன்பு இதற்கு நேர்மாறான தந்திரம் இருந்தது. இபே தளம் அமெரிக்காவில் பொருளின் விலைக்கு மட்டுமே கமிஷன் வாங்கிய காலத்தில், சிலர் விலையை ஒரு சென்ட் என்றும் ஷிப்பிங்கைப் பத்து டாலர் என்றும் போடுவார்கள். 2011-ல் ஷிப்பிங் தொகைக்கும் சேர்த்துக் கமிஷன் என்று ஆனதும் அந்தத் தந்திரத்துக்கு வேலை இல்லாமல் போனது.

தபால் செலவை யார் கொடுத்தார்கள்?

சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு பொட்டலம் இவ்வளவு மலிவாக எப்படிப் போகிறது? இதற்குப் பின்னால் பழைய கதை இருக்கிறது.

1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவானது உலக அஞ்சல் ஒன்றியம். ஒரு நாட்டில் போட்ட தபாலை மற்ற நாடுகள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அதன் விதி. ஆரம்பத்தில் தபால்தலை விற்ற நாடே பணத்தை முழுவதும் வைத்துக்கொண்டது. போகிற கடிதத்துக்குப் பதில் கடிதம் வரும், கணக்கு சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். ஆனால் எல்லா நாடுகளுக்கும் சரியாகவில்லை. 1969-ல் டோக்கியோவில் நடந்த மாநாட்டில், தபால் அனுப்பும் நாடு அதை வீடுவரை சேர்க்கும் நாட்டுக்கு ஒரு கட்டணம் தர வேண்டும் என்று முடிவானது. இதற்கு 'டெர்மினல் டியூஸ்' என்று பெயர். வளரும் நாடுகளுக்குக் குறைந்த கட்டணம் என்று பின்னர் சலுகை வந்தது. அதில் சீனாவும் இருந்தது.

கடிதங்கள் இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. ஆன்லைன் வியாபாரம் வந்ததும், கடிதத்தின் இடத்தில் சிறு பொட்டலங்கள் கோடிக்கணக்கில் போக ஆரம்பித்தன. 2010-ல் அமெரிக்க அஞ்சல் துறையும் சீன அஞ்சல் துறையும் 'இ-பேக்கெட்' என்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டன. 2 கிலோ வரையுள்ள பொட்டலம், டிராக்கிங் எண்ணுடன், மலிவான கட்டணத்தில் போகும். அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அனுப்புவதைவிட, சீனாவிலிருந்து அனுப்புவது பல சமயம் மலிவாக இருந்தது. அமெரிக்க அஞ்சல் துறையின் தணிக்கைப் பிரிவே 2014-ல் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஏற்பாட்டில் நஷ்டம் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. ஆக, 'இலவசம்' என்று போட்டிருந்த செலவின் ஒரு பங்கை அமெரிக்க அஞ்சல் துறை சுமந்தது.

2018 அக்டோபரில், ஒன்றியத்தைவிட்டே விலகப் போவதாக அமெரிக்கா அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனிவாவில் சிறப்பு மாநாடு கூடியது. அதில் ஏற்பட்ட சமரசத்தின்படி 2020 ஜூலை முதல் அமெரிக்கா தன் கட்டணத்தைத் தானே நிர்ணயித்துக்கொண்டது.

அப்படியானால் 2023-ல் என் நாணயம் எப்படி 2 டாலர் 40 சென்ட்டுக்கு வந்தது? தபாலின் சலுகை குறைந்ததும் வேறு வழி பெருகியிருந்தது. தனியார் சரக்கு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான சிறு பொட்டலங்களைச் சேர்த்து மொத்தமாக விமானத்தில் ஏற்றும். அமெரிக்காவில் இறங்கியதும் உள்ளூர் டெலிவரிக்குப் பிரித்துக் கொடுக்கும். மொத்தமாகப் போவதால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் செலவு குறைவு.

இன்னொரு உதவி சுங்க வரி விலக்கு. அமெரிக்காவில் ஒருவர் ஒரு நாளில் 200 டாலர் வரை வெளிநாட்டுப் பொருளை வரியின்றி வரவழைக்கலாம் என்று இருந்ததை 2016-ல் 800 டாலராக உயர்த்தினார்கள். வரி இல்லாததால் விவரங்களும் அப்போது அதிகம் கேட்கவில்லை. குவியும் சிறு பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதும் நடக்காத காரியம். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த விற்பனை வரி விலக்கை 2021 ஜூலையில் நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் விலக்கை சீனா, ஹாங்காங் பொருட்களுக்கு 2025 மே 2 முதலும், மற்ற நாடுகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 29 முதலும் நிறுத்தியது. இதனால் செலவு கூடும். ஆனால் மேலே போட்ட கணக்கில் ஒரு எண் மாறுமே தவிர, கணக்கு போடும் முறை மாறாது.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. அமெரிக்காவில் 1973-லேயே 'ஹாபி புரொடெக்ஷன்' சட்டம் வந்துவிட்டது. பழைய நாணயத்தைப் போலச் செய்தால் அதன் மேல் 'காப்பி' என்ற ஆங்கிலச் சொல்லை அழியாதபடி பொறித்திருக்க வேண்டும். 2014-ல் வந்த திருத்தம், போலி விற்பவர்களுக்குத் தெரிந்தே துணை போகிறவர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இபே தளம் 2012-ல் நகல் நாணயங்களைப் பட்டியலிடவே தடை போட்டது.

ஆனால் சட்டம் அமெரிக்காவில், விற்பவர் வெளிநாட்டில். தளம் ஒரு கணக்கை மூடினால் அவர் இன்னொன்றைத் திறக்கிறார். எனக்கு விற்றவரின் பக்கம் சில மாதங்களில் காணாமல் போனது. அதே படத்துடன், வேறு பெயரில் இன்னொரு கடை வந்திருந்தது.

பெரிய லாபம் இரண்டாவது கையில்

வெளிநாட்டு விற்பவரோடு கதை முடிவதில்லை. மலிவாகப் பத்து நாணயம் வாங்கும் ஒருவர், அவற்றை வாரச் சந்தையிலோ வேறு தளத்திலோ 'தாத்தாவின் பெட்டியில் இருந்தது' என்று சொல்லி ஒவ்வொன்றும் 40 டாலருக்கு விற்கலாம். இப்போது விற்பவர் உள்ளூர்க்காரர், விலையும் சந்தேகப்படும்படி இல்லை. வாங்குபவர் நம்பிவிடுவார். இரண்டு டாலர் போலியின் உண்மையான நஷ்டம் இங்கேதான் விழுகிறது, அதுவும் பெரும்பாலும் புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்கள் தலையில்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. உருக்கு விலையைக் கணக்கிடுங்கள். நாணயத்தின் எடை, அதில் எத்தனை சதவீதம் வெள்ளி அல்லது தங்கம் என்று தேடுங்கள். அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். விற்கும் விலை அதைவிடக் குறைவு என்றால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

2. படத்தைத் தேடுங்கள். பொருளின் படத்தை உங்கள் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். கூகுள் இமேஜஸ் பக்கத்தில் உள்ள கேமரா ஐகானை கிளிக் செய்து அந்தப் படத்தைக் கொடுங்கள். அதே படம் ஏதாவது ஏல நிறுவனத்தின் பக்கத்திலோ, பத்து வெவ்வேறு கடைகளிலோ வந்தால், உங்களுக்கு வரப்போவது படத்தில் உள்ள நாணயம் அல்ல.

3. 'எத்தனை வேண்டும்' என்ற கட்டத்தைப் பாருங்கள். நூறு வருடப் பழைய அரிய நாணயம் ஒருவரிடம் '500 கையிருப்பு' என்று இருக்க முடியாது. எனக்கு வந்த பக்கத்தில் அப்படித்தான் இருந்தது, நான் கவனிக்கவில்லை.

4. விவரத்தில் உள்ள சொற்களைக் கவனியுங்கள். 'வெள்ளி நிறம்', 'வெள்ளிப் பூச்சு', 'திபெத் வெள்ளி', 'நினைவுப் பரிசு' என்றெல்லாம் இருந்தால் அது வெள்ளி அல்ல. தலைப்பில் இல்லாதது கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

5. ஆண்டையும் அச்சாலையையும் சரிபாருங்கள். உதாரணமாக, கார்சன் சிட்டி அச்சாலை 1886, 1887, 1888 ஆகிய மூன்று ஆண்டுகளில் மார்கன் டாலர் அடிக்கவே இல்லை. அந்த ஆண்டும் அந்த அச்சாலைக் குறியும் சேர்ந்திருந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

6. பிளாஸ்டிக் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து, எண் போட்ட பெட்டியில் மூடித் தருகின்றன. அந்தப் பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள். எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்துப் பாருங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அங்கே படம் இருந்தால் உங்கள் நாணயத்தோடு ஒப்பிடுங்கள். உண்மையான எண்ணைக் காப்பி அடிப்பது சுலபம்.

வந்த பிறகு செய்ய வேண்டியவை

கவரைப் பிரித்த அன்றே எடை போடுங்கள். காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டவில்லை என்பதால் மட்டும் உண்மை என்று முடிவு செய்யாதீர்கள், பித்தளையும் ஒட்டாது. அதற்கு ஒரு தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எடையை பூஜ்ஜியமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்க விடுங்கள். தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுங்கள். மார்கன் டாலருக்கு 10.3 அளவில் வர வேண்டும். பித்தளைக்கு எட்டரை வரும், இரும்புக்கு எட்டுக்குள் வரும். இதற்கு 0.01 கிராம் வரை காட்டும் தராசு நல்லது.

போலி என்று தெரிந்தால் படத்தோடு, எடையோடு, தளத்தின் வழியாகவே புகார் செய்யுங்கள். விற்பவரோடு தனி மின்னஞ்சலில் பேசாதீர்கள். 'இன்னும் பத்து நாள் பொறுங்கள்' என்று அவர் சொன்னால் பொறுக்காதீர்கள்; புகார் செய்யும் கெடு அதற்குள் முடிந்துவிடும். பாதிப் பணத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். முழுப் பணமும் கேளுங்கள். 'போலிப் பொருள்' என்ற காரணத்தையே தேர்ந்தெடுங்கள். நான் 'எதிர்பார்த்தபடி இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அது ரசனை சம்பந்தப்பட்ட புகாராகப் போய்விட்டது.

மாமா செய்த காரியம்

ஊருக்குத் திரும்பியபோது அந்த நாணயத்தைக் கொண்டுபோனேன். கூடவே, நியூ ஜெர்சியில் ஒரு நாணயக் கடையில் நேரில் வாங்கிய 1921-ம் ஆண்டு மார்கன் டாலர் ஒன்றும். மாமா இரண்டையும் தெரிந்த ஆசாரியின் பட்டறைக்கு எடுத்துப் போனார். ஒன்று 26.7 கிராம், இன்னொன்று 20.4 கிராம். தண்ணீர்ச் சோதனையில் ஒன்றுக்கு 10.3, இன்னொன்றுக்கு 7.9.

அடுத்த ஞாயிறு நாணயம் சேகரிப்பவர்கள் கூடும் இடத்துக்கு மாமா இரண்டையும் கொண்டுபோனார். ஒருவர் 1893 என்ற ஆண்டைப் பார்த்ததும், "அண்ணே, நாலாயிரம் தாரேன்" என்று போலியை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். போலி என்று மாமா சொல்லியும் அவர் நம்பவில்லை. விற்க மனமில்லாமல் சொல்கிறார் என்று நினைத்தார்.

திரும்பும் வழியில் மாமா ஒரு பாத்திரக் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். குடத்திலும் தட்டிலும் பெயர் வெட்டித் தரும் மெஷினில், அந்த நாணயத்தின் நடுவில் தமிழில் 'போலி' என்று வெட்டச் சொன்னார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வண்டியில் ஏறியதும் மாமா ஒரு விஷயம் சொன்னார். 1873-ல் அமெரிக்கா சீன வியாபாரத்துக்கென்றே 27.22 கிராம் எடையில் 'டிரேடு டாலர்' என்ற வெள்ளி நாணயத்தை அடித்தது. சீன வியாபாரிகள் வெறும் கண்ணால் பார்த்து அதை வாங்கவில்லை. வெள்ளி சரிதானா என்று சோதித்து, சரி என்றால் தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். அந்த முத்திரைகளோடு உள்ள டாலர்கள் இன்றும் கிடைக்கின்றன. "அவங்க நல்லதுக்கு முத்திரை குத்தினாங்க. நாம கெட்டதுக்குக் குத்திட்டோம். எனக்குப் பிறகு இந்தப் பெட்டியைத் திறக்கிறவன் ஏமாறக் கூடாதுல்ல" என்றார்.

நானும் அன்று இரவு அதே படம் போட்டிருந்த புதிய கடையைத் தேடிப் பிடித்து, தளத்தின் 'இந்தப் பொருளைப் பற்றிப் புகார் செய்ய' என்ற இணைப்பை கிளிக் செய்து, எடை விவரங்களோடு எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது. மறுபடி வேறு பெயரில் வரலாம். வந்தால் மறுபடி எழுத வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகிறது. பொருள் வாங்காவிட்டாலும், சந்தேகப்படும்படி ஒன்றைப் பார்த்தால் நீங்களும் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடுங்கள்.